மேலே ஒரு வெடித்த காய்

பலவேசத்தின் கைகள் முறத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். வலது கை ஏலக்காயின் காம்பைக் கிள்ளும், இடது கை காயை உருட்டிப் பார்க்கும், கண் இரண்டும் மடியில் விரித்த இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கும். பெரிய காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம், வாய் பிளந்த காய் கழிவுக் கூடைக்கு. பக்கத்தைத் திருப்ப வேண்டுமானால் மூக்கால் திருப்புவான். அந்த அழகைப் பார்க்கக் கடைத்தெரு சுமைகாரர்கள் சிலர் வாசலில் நின்றுவிட்டுப் போவார்கள்.

பிரித்து முடித்ததும், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு பித்தளைத் தட்டில் சாம்பிள் குவித்து வைப்பான். உடனே அவனுடைய தாய்மாமா குருசாமி கல்லாவை விட்டு எழுந்து வருவார். கழிவுக் கூடையில் கைவிட்டு ஒரு வெடித்த காயை எடுத்துக் குவியலின் உச்சியில் வைப்பார். அவர் திரும்பியதும் பலவேசம் அதை எடுத்துக் கூடையில் எறிவான். அவர் மறுபடி வந்து மறுபடி வைப்பார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. வியாபாரி வரும்போது தட்டின் மேல் வெடித்த காய் இருக்கிறதா இல்லையா என்பது கடைசியாக யார் கை பட்டது என்பதைப் பொறுத்தது.

போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கும் பழைய ஆட்கள் பலருக்கும் இந்த வழக்கம் உண்டு. முழுக்க நல்ல சரக்கை அப்படியே காட்டினால் கண் பட்டுவிடுமாம். வாங்குகிறவனுக்கும் நம்பிக்கை வராதாம். குருசாமி இதைக் காயோடு நிறுத்துவதில்லை. அவர் வாயிலிருந்து எதைப் பற்றியும் முழுசாக ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. மழை நன்றாகப் பெய்தால், "பேஞ்சிருக்கு, ஆனா சகதி" என்பார். தங்கை ராமுத்தாய் வைக்கும் குழம்பைச் சட்டி காலியாகும் வரை சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஒரு கல்லு கூட" என்பார்.

அந்த ராமுத்தாய்தான் பலவேசத்தின் அம்மா. சர்க்கரை வியாதியில் காலில் புண். நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைக்குப் பின்கட்டில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குத் தினமும் காலையில் மருந்து கட்டப் போகிறேன். புண்ணைக் கழுவிக் கட்ட ஆகும் நேரத்துக்கு அந்த வீட்டில் நடப்பது காதில் விழும், கண்ணில் படும். நான் எழுதுவது அவ்வளவுதான்.

பலவேசத்துக்கு வயது முப்பதுக்குப் பக்கம். மெலிந்த உடம்பு, நல்ல பல், ரத்தசோகை இல்லை. உத்தமபாளையம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தான். படித்த கையோடு மாமா கடையில் உட்கார்ந்தவன், உட்கார்ந்தபடியே இருக்கிறான். போன வருஷம், எண்பத்திரண்டில், பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய பழைய காகிதக் கட்டில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை வந்தது. அதில் அமெரிக்காவில் உள்ள ஒரு வியாபாரப் பள்ளிக்கூடத்தின் விளம்பரம். வியாபாரத்தைப் படிப்பாகப் படித்துப் பட்டம் வாங்கலாம் என்றிருந்தது. அந்தத் தாளில் மட்டும் பொட்டலம் மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

எதற்கு இந்த ஆசை என்று கேட்டேன். நான் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பதில்லை. அவனும் முறத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்.

"இங்கன இருந்து மூட மூடயாப் போகுதுல்ல சிஸ்டர், அது கடைசியா யார் வாயில போய் விழுகுதுன்னு இந்தத் தெருவுல ஒருத்தருக்காவது தெரியுமா? எங்க மாமாவுக்குப் பம்பாய் வரைக்கும் தெரியும். பம்பாய்க்கு அங்கிட்டு கடலுன்னு நெனச்சிருக்காக."

அது நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. கடைத்தெருவுக்கு அப்படிப் படவில்லை. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவன் என்றால் இஞ்சினீயர்தான். இவன் விண்ணப்பம் போடுகிறான் என்ற செய்தி பரவிய வாரமே ரிப்பேர் வேலைகள் வர ஆரம்பித்தன. மேஜை விசிறி வந்தது. பாடாத ரேடியோ வந்தது. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுருளிவேல் மருந்தடிக்கும் பம்பைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். பலவேசம் தான் படித்தது வரலாறு என்று எவ்வளவோ சொன்னான். சுருளிவேல் கேட்டுக்கொண்டு, "சரிப்பா, வரலாறாவே இருக்கட்டும். பம்புக்கு வாஷர மட்டும் மாத்திக் குடு" என்றார்.

மறுத்து மறுத்து அலுத்துப்போய் ஒரு நாள் மேஜை விசிறியைத் திறந்தான். ஷாக் அடித்து வலது கையில் இரண்டு விரல் வெந்துவிட்டது. களிம்பு போட்டுக் கட்டினேன். இனி எவன் எதைக் கொண்டுவந்தாலும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரம் இடது கையால் மட்டும் காய் பிரித்தான். அந்த வாரம் புத்தகமும் ஏறவில்லை என்றான். கையில் காய் உருளாவிட்டால் அவனுக்கு மூளை ஓடாது.

இது வெறும் பேச்சில்லை. நுழைவுத் தேர்வு எழுத மெட்ராஸ் போனபோது கால்சட்டைப் பையில் ஒரு பிடி ஏலக்காய் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். இடது கை பைக்குள் உருட்டிக்கொண்டே இருக்க, வலது கை கணக்குப் போட்டிருக்கிறது. மேற்பார்வை பார்த்தவர் பிட்டு வைத்திருக்கிறான் என்று எழுப்பி நிறுத்திப் பையைக் கவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். காய் அறை முழுவதும் உருண்டது. ஐ.ஐ.டி. பையன்கள் எல்லாம் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்களாம். அதில் ஒருவன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, எந்த ஊர்க் காய் என்று விசாரித்தானாம். அந்தக் களேபரத்திலும் பலவேசத்துக்கு நல்ல மார்க் வந்தது.

தேர்வை விட விண்ணப்பம்தான் பாடாய்ப் படுத்தியது. ஒட்டுவதற்குப் போட்டோ வேண்டும். ஸ்டுடியோ வாசலில் வைத்து ராமுத்தாய் அவன் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். ஊரை விட்டுப் போகிற பிள்ளை, போட்டோவில் மட்டும் எப்படி வெறும் கன்னத்தோடு போவது என்பது அவள் கட்சி. அவன் ஸ்டுடியோக் கண்ணாடியில் பார்த்துத் துடைத்துவிட்டு உள்ளே போனான். பின்னாலேயே போனவள் விளக்கு போடும் நேரத்தில் மறுபடி வைத்துவிட்டாள். பிறகு அவன் தனியாகத் தேனிக்குப் போய் வேறு படம் எடுத்துக்கொண்டு வந்தான்.

பத்து வருஷம் கழித்து எந்த நிலையில் இருப்பாய் என்று ஒரு கேள்வி. அதற்கு ராமுத்தாய் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போய்விட்டாள். உன் வாழ்க்கையில் பெரிய தோல்வி எது, விவரமாக எழுது என்று இன்னொரு கேள்வி. இதைக் கேட்டதும் குருசாமி கடைக் கதவைச் சாத்தினார். தோல்வியை எழுதி வெளியூருக்கு அனுப்பினால் நாளைக்கு எவன் சரக்குக் கொடுப்பான் என்றார். பலவேசம் வீட்டுக்குள் வந்து அம்மா கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து அதை எழுதினான். மேஜை விசிறியைப் பற்றித்தான் எழுதினான்.

எல்லாவற்றையும் சமாளித்தவன் சிபாரிசுக் கடிதத்தில் வந்து மாட்டிக்கொண்டான். இரண்டு கடிதம் வேண்டும். ஒன்று அவனைத் தெரிந்த யாராவது எழுதலாம். அதை நான் எழுதினேன். பார்த்ததை மட்டும் எழுதினேன்: தினமும் வெந்நீர் தயாராக வைத்திருப்பான், சொன்ன மாத்திரையைச் சொன்ன நேரத்தில் கொடுப்பான், புண்ணைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. இன்னொன்று, வேலை கொடுத்த முதலாளி எழுத வேண்டும். முதலாளி குருசாமி. அவருக்குப் பிள்ளை கிடையாது. கடைக்கு இவனை விட்டால் ஆளும் கிடையாது. அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால்தான் இவன் போக முடியும். சொல்ல முடியாத மனிதர் என்று ஊருக்கே தெரியும்.

அவருக்கு இங்கிலீஷ் எழுத வராது என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. சிபாரிசில் என்ன எழுதியிருக்கிறது என்பது விண்ணப்பிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்று பள்ளிக்கூடத்தின் விதி. பலவேசம் விதியை மதித்து எதிர் டீக்கடையில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். குருசாமி மூட்டைக்காரர்களைக் கூப்பிடும் அதே குரலில் சொன்னார். டீக்கடை மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது.

முதலில் நன்றாகத்தான் போனது. காயைத் தொட்டாலே தரம் சொல்லுவான், எடையில் தப்பு வராது, வந்த வியாபாரி இவனிடம்தான் பேசுவேன் என்பான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு போட்டுக்கிடுங்க நர்சம்மா. கொஞ்சம் களவு உண்டு."

பேனாவை எடுத்துவிட்டேன். அவன் எப்போது எதைத் திருடினான் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் எதையும் தொடமாட்டான். இம்புட்டு நல்லதச் சொல்லிட்டு வெறுமனே விட்டா கண்ணு படாதா? உள்ளூர்க் கண்ணுக்கு முன்கோபம்னு போட்டாப் போதும். இது அமெரிக்காக் கண்ணு. சின்னப் பொட்டு பத்தாது."

அங்கே இருப்பவர்கள் இதை அப்படிப் படிக்கமாட்டார்கள், இருக்கிறபடிதான் படிப்பார்கள் என்று சொன்னேன். வெடித்த காய் இல்லாத சாம்பிளை எந்த ஊரிலும் எவனும் நம்பமாட்டான் என்றார். நான் எழுதாவிட்டால் வக்கீல் குமாஸ்தாவைக் கூப்பிட்டு எழுதிக்கொள்வதாகவும், அவன் கொள்ளை என்றே போட்டுவிடுவான் என்றும் சொன்னார். நோயாளி சொல்வதை நோயாளி சொன்னதாகவே கேஸ் ஷீட்டில் எழுதுவது என் வேலையாக இருந்தது. அவர் சொன்னதை அவர் சொன்னதாக எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

டீக்கடையில் பக்கத்தில் இருந்தவன் பலவேசத்தின் ஒரு கையைக் காதிலிருந்து விலக்கி, "ஏலே, ஒன்னயக் களவாணின்னு எழுதுறாகடா" என்று சொல்லியிருக்கிறான். பலவேசம் தெருவைத் தாண்டி ஓடி வருவதற்குள் குருசாமி உறையில் அரக்கு முத்திரை வைத்துக் கடை ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டார். தபாலாபீசில் போய்க் கேட்டதற்கு, விழுந்த தபாலைத் திருப்பித் தர முடியாது என்றுவிட்டார்கள். பலவேசம் திரும்பி வந்து முறத்தின் முன் உட்கார்ந்தான். அன்று தட்டில் வைத்த வெடித்த காயை அவன் எடுத்து எறிந்தது மட்டும் எதிர்க் கடை வாசலில் போய் விழுந்தது.

கண்ணேறுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னாரா, கடைக்கு ஆள் இல்லாமல் போய்விடும் என்று சொன்னாரா என்று கடைத்தெருவில் ஒரு மாதம் பேசினார்கள். இரண்டு கட்சி இருந்தது. ராமுத்தாய் முதல் கட்சி. பலவேசம் எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. புத்தகத்தை மட்டும் மூடி வைத்துவிட்டான். காய் பிரிக்கும்போது வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் மதுரையில் ஒரு நூற்பாலையில் பெரிய வேலையில் இருக்கிறார், பெயர் கர்ணன். அவர் பலவேசத்தை நேரில் பார்த்துப் பேசி எழுதுவார், அதை வைத்து முடிவு என்றிருந்தது. மலைமேல் யாரோ நண்பரின் எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் அவரே கடைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு ராமுத்தாய் கால் கட்டோடு கடைக்குள் வந்து சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். புண்ணுள்ள காலைத் தொங்கப் போடக் கூடாது என்று நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தூக்கி வைத்தேன். பலவேசத்தின் கன்னத்தில் அவள் பொட்டு வைப்பதும் அவன் போய்க் கழுவுவதுமாக இருந்து, கார் வந்தபோது கன்னம் வெறுமனேதான் இருந்தது, தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. கர்ணன் முதலில் அதைத்தான் பார்த்தார். யாரோ அறைந்திருப்பதாக நினைத்திருப்பார்.

அவர் இஞ்சினீயர். நேர்மையான மனிதர், வேகமாகப் பேசினார். வரலாறு படித்தவனுக்கு வியாபாரப் படிப்பு எதற்கு என்று கேட்டார். பலவேசம் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு காய் பிரித்தபடியே பதில் சொன்னான். இந்த மலைக்காய் பழங்காலத்தில் கப்பலேறிப் போனது எவர் எவருக்கோ தெரியும், இன்றைக்கு எங்கே போகிறது என்றுதான் இங்கே ஒருவருக்கும் தெரியாது என்றான். கர்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பையிலிருந்து குருசாமியின் கடிதத்தின் நகலை எடுத்தார். பள்ளிக்கூடம் அவரை அனுப்பியதே அதற்காகத்தான்.

"உங்க மருமகன் திருடுவார்னு எழுதியிருக்கீங்க. என்ன திருடினார்?"

குருசாமி இதை எதிர்பார்க்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். "காய்" என்றார்.

"எத்தனை மூட்டை?"

"மூட இல்ல சார். ஒண்ணு ரெண்டு வாயில போட்டுக்கிடுவான். இங்கன எல்லாரும் போடுறதுதான்."

"அது திருட்டா?"

"இல்லதான். அப்பப் பொய்யின்னு மாத்திக்கிடுங்க."

பொய் சொல்வாரா என்று கர்ணன் கேட்டார். சொல்லத் தெரியாது என்று குருசாமி ஒத்துக்கொண்டார். முன்கோபம் என்று இறங்கினார். அதற்கும் ஒரு உதாரணம் கேட்டார் கர்ணன், கிடைக்கவில்லை. தூக்கத்தில் பேசுவான் என்றார். அது பள்ளிக்கூடத்துக்குச் சம்பந்தமில்லை என்றார் கர்ணன். தலையில் பொடுகு என்று குருசாமி கடைசி விலை சொல்கிறவர் போலச் சொன்னார். எனக்கு அவன் தலை தெரியும், பொடுகு கிடையாது.

கர்ணன் கடிதத்தை மடித்தார். அங்கே இருப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மற்றதைப் படிக்கவே மாட்டார்கள் என்று நிதானமாக விளக்கினார். தான் திருத்தி எழுத வேண்டுமானால் முதலாளி வாயால் ஒரே பதில் வேண்டும், குறை உண்டா இல்லையா, நடுவில் ஒன்றும் கிடையாது என்றார்.

குருசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தட்டைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். ராமுத்தாய் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். குருசாமிக்கு நெற்றியில் வேர்த்து, உதடு வெளுத்துவிட்டது. ரத்தக்கொதிப்பு உள்ள மனிதர், நான் ஒரு அடி கிட்டப் போய் நின்றுகொண்டேன்.

"கொற ஒண்ணுமில்ல" என்றார். அதோடு நிற்கும் என்று நினைத்தேன். "அவங்கிட்ட ஒரு கொறயும் இல்ல. தங்கமான பய."

"ஏண்ணே, என்ன வார்த்தை சொல்லிப்புட்ட" என்று ராமுத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டாள். பலவேசத்தின் கைகள் நின்றுவிட்டன. நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து, முறத்துக்கு மேல் அவை அசையாமல் இருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

கர்ணன் எழுதிக்கொண்டார். நல்லபடியாக எழுதி அனுப்புவதாகவும், முடிவு தன் கையில் இல்லை என்றும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்த முடிவு இன்னும் வரவில்லை.

கார் நகர்ந்ததும் ராமுத்தாய் உப்பும் மிளகாயும் கேட்டாள். பலவேசத்தைச் சுற்றி அடுப்பில் போட்டதில் கடை முழுக்க இருமல். காரம் வரவில்லை, பார்த்தீர்களா, அவ்வளவு கண் என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குக் காரம் வந்தது. குருசாமி ஒன்றும் சாப்பிடவில்லை. அப்படிச் சொல்லிவிட்டதால் தன் கண்ணே அவன் மேல் பட்டுவிடும் என்று, எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை கிடையாது. வயிற்றைக் காயப் போடக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது கடை திறந்திருந்தது. பலவேசத்துக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள் ராமுத்தாய். தொட்டுப் பார்த்தேன், இல்லை. பம்பாய் வியாபாரியின் ஆள் வருகிற நாள் என்பதால் தட்டில் சாம்பிள் குவித்துத் தயாராக இருந்தது. குருசாமி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். குவியலைப் பார்த்தார். கழிவுக் கூடைப் பக்கம் குனியவே இல்லை. திரும்பிப் போய் ஊதுபத்தி கொளுத்தினார்.

பலவேசம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். மாமா மறுபடி வரவில்லை. பச்சைப் பசேலென்று ஒரு குறையும் இல்லாமல் தட்டு வாசலைப் பார்த்து இருந்தது. தெருமுனையில் பம்பாய் ஆளின் குரல் கேட்டது. பலவேசம் சட்டென்று எழுந்து கழிவுக் கூடையைக் கவிழ்த்தான். ஒன்றை எடுத்துப் பார்த்தான், வெடிப்புச் சின்னது என்று கீழே போட்டான். இன்னொன்றையும் போட்டான். நன்றாக வாய் பிளந்து விதை தெரிகிற காயாக ஒன்றைத் தேடி எடுத்துக் குவியலின் உச்சியில் வைத்து, உருளாமல் இருக்க விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.